சுவர் சரியாகத் தெரியாத ஒரு சுவர்ப் படம்

மேலே உள்ள படத்தில் சுவர் எங்கே என்று கேட்டு யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். இருக்கிறது. அந்த மனிதரின் இடது காதுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு துண்டு தெரிகிறதே, அதுதான். ஒரு நகரத்தை இரண்டாக வெட்டி வைத்திருந்த சுவரின் மிச்சத்தை ஒழுங்காகப் படம் எடுக்க வேண்டும் என்றுதான் போனேன். அது ஏன் காது அளவுக்குச் சுருங்கிப்போனது என்பதுதான் இந்தக் கட்டுரை. போனது மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. இத்தனை மாதம் கழித்து இப்போது ஏன் போடுகிறேன் என்பதும் கடைசியில் தெரியும்.

முதலில், ஏன் போனேன். உண்மையில் நான் போக வேண்டியது பெர்லினுக்கு. பழைய சுவர்களைத் தேடிப்போய்ப் படம் எடுப்பது எனக்குப் பல வருடப் பைத்தியம், இந்த வலைப்பதிவை முன்பே படித்தவர்களுக்குத் தெரியும். பிப்ரவரியில் விடுப்பு வாங்கி, தங்கும் இடம் எல்லாம் பார்த்து வைத்த பிறகு விசா நேர்காணலுக்குத் தோதான நேரம் கிடைக்கவில்லை. கிடைத்த நேரமோ நான் திரும்பி வர வேண்டிய தேதிக்கு அப்புறம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஊர் சுற்றும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அந்த எரிச்சலில் இருந்த அதே வாரத்தில், இங்கே ஆக்லாந்தில் நான் குடியிருக்கும் ஆல்பனியின் பேருந்து நிலையப் படிக்கட்டில் மழையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டேன். ஆறு வாரம் பட்டை கட்டச் சொன்னார்கள். பெர்லினும் இல்லை, கேமராவைப் பிடிக்கக் கையும் இல்லை.

சரி, பெர்லின் போகாவிட்டால் என்ன, நம் ஊரிலேயே ஒன்று இருக்கிறதே என்று தோன்றியது அப்போதுதான். ஆக்லாந்து நகரத்தின் நட்ட நடுவில், அது சின்ன ஊராக இருந்த காலத்தில், பிரிட்டிஷ் படை ஒரு பெரிய முகாமை அமைத்துச் சுற்றிலும் கருங்கல் சுவர் எழுப்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் படை, இந்தப் பக்கம் ஊர். வடக்கே நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளோடு நடந்த சண்டைக்குப் பிறகு, அவர்கள் இங்கும் வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் கட்டியது. அதைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் மாவோரிக் கல்தச்சர்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. யாருக்குப் பயமோ அவர்களையே கூப்பிட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு படை போனது, சுவரை இடித்தார்கள், இன்றைக்கு எண்பது மீட்டர் சொச்சம்தான் நிற்கிறது.

கேமராவைப் பிடிக்க ஆள் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே படக்காரர் யூட் அண்ணன். இலங்கையில் மன்னார்க்காரர், கத்தோலிக்கர். வார நாட்களில் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு மரக் கிடங்கில் வேலை, சனி ஞாயிறுகளில் நம்மவர்கள் வீட்டுக் கல்யாணம், பிறந்தநாள், பிள்ளைகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் சடங்கு எல்லாவற்றுக்கும் படம் எடுப்பார். ஒனிஹங்காவில் ஒரு அறையில் தனியாக இருக்கிறார். அகதியாக வந்து ஏற்றுக்கொள்ளப்பட்டவர். மனைவி ரெஜினாவும் மகள் ஷெரினும் மன்னாரில். மகளுக்கு நாலு வயதில் விட்டு வந்தது, இப்போது அவளுக்குப் பத்து. அவர்கள் இருவருக்குமான விசா விண்ணப்பம் போட்டு முடிவுக்காகக் காத்திருந்தார். சட்டைப் பையில் இருக்கும் போன் முனகினாலே பேச்சை நிறுத்திவிட்டு எடுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் போடுவார்.

"பார்க்கில ஒரு பழைய சுவர், அண்ணா. காலையில ரெண்டு மணி நேர வேலை" என்றுதான் போனில் சொன்னேன். இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிய பிசகு என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆல்பனியிலிருந்து நகரத்துக்குப் பதினேழு கிலோமீட்டர். காலை 8.20 பேருந்தைப் பிடித்தால் பேருந்துக்கான தனித்தடத்தில் நாற்பது நிமிடம், கட்டணம் ஆறு டாலருக்குள். ஒனிஹங்காவிலிருந்து ரயிலில் வந்திருக்க வேண்டிய யூட் அண்ணன், தண்டவாள வேலைக்காக அன்று ரயில் ஓடாததால் காரில் வந்தார். கார் நிறுத்த நான்கு மணி நேரத்துக்கு இருபத்தெட்டு டாலர். அந்தக் காசுக்கு நாலு பேர் கொத்து ரொட்டி சாப்பிடலாம் என்று அவர் சொன்னார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆல்பர்ட் பார்க்கில் ஒன்பதரைக்குச் சந்தித்தோம். பெர்லின் விசா கதையைப் பத்து நிமிடம் அவரிடம் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓம் தங்கச்சி, விசா எண்டால் கரைச்சல்தான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் சுற்றுலா விசாவுக்கு ஒப்பாரி வைத்தது யாரிடம் என்று பிறகு நினைத்தபோது எனக்கே கூசியது.

இனி என் அறிவுக்கூர்மையைப் பாருங்கள். பூங்காவின் ஓரத்தில், தெருவை ஒட்டி, நல்ல உயரமாக ஒரு கருங்கல் சுவர். பாசி பிடித்து, ஈரமாக, நூறு வருடம் தாண்டிய முகம். இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். கேமராவை அண்ணன் கையில் கொடுத்தேன். மனிதர் வேலையில் இறங்கியதும் வேறு ஆளாகிவிட்டார். முட்டி போட்டார், பெஞ்சில் ஏறினார், வெளிச்சம் மேகத்துக்குள் போனால் காத்து நின்றார். ஒரே ஒரு குறைதான் அவருக்கு.

"தங்கச்சி, நீங்க ஒருக்கா அதில போய் நில்லுங்கோ."

"நான் எதுக்குண்ணா? சுவர் மட்டும் போதும்."

"சுவரை மட்டும் ஆர் பாக்கிறது? ஆள் ஒண்டு நிக்கவேணும். அப்பதான் படம்."

கல்யாணப் படக்காரரைக் கூட்டிவந்தால் இப்படித்தான். வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன். கடைசியில் பட்டை கட்டிய கையோடு சுவரில் சாய்ந்து நின்று, ஏதோ நிச்சயதார்த்தத்துக்கு வந்தவள் போலச் சிரித்தும் வைத்தேன். அறுபத்திரண்டு படம். அப்போது நாயோடு அந்தப் பக்கம் வந்த ஒரு பெண்மணி என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் ரொம்பத் தன்மையாக, இது பூங்காவின் மண் சரியாமல் இருக்கக் கட்டிய தாங்குசுவர், நீங்கள் தேடுவது தெருவைத் தாண்டி, பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கிறது என்றார். நாய்கூட என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

ஆக்லாந்தே எரிமலை மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். கருங்கல்லுக்கா பஞ்சம்? கோழிக்கூட்டுக்குக்கூடக் கருங்கல் சுவர் இருக்கும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. நீங்கள் ஏமாறாதீர்கள்: பிரின்சஸ் ஸ்ட்ரீட்டைத் தாண்டுங்கள், சைமண்ட்ஸ் ஸ்ட்ரீட்டுக்குப் போகும் வழியில் கட்டடங்களுக்கு நடுவே நுழையுங்கள். பூங்காவிலிருந்து ஐந்து நிமிட நடை.

உண்மையான சுவர் சட்டென்று எதிரே வந்து நிற்கிறது. ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடம், ஒரு பக்கம் மரங்கள், நடுவில் ஆளுயரத்துக்கு மேலே கறுத்த கல். கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக அதில் ஒடுங்கிய துளைகள். மாணவர்கள் அதன் கீழே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள். நான் இடது கையால் காற்றில் கோணம் காட்டிக்கொண்டு, இங்கிருந்து, அங்கிருந்து என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். ஷட்டர் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அண்ணன் கேமராவைத் தொங்கவிட்டபடி அந்தத் துளைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இது என்னத்துக்கு உந்த ஓட்டை?"

"துப்பாக்கி நீட்டத்தான். சொல்லலையா உங்ககிட்ட? இது ஆர்மி கேம்ப்போட சுவர்."

"நீங்க பார்க் எண்டல்லோ சொன்னீங்க."

"பார்க்குக்குப் பக்கத்துல தானே. எடுங்கண்ணா, மழை வரப்போகுது."

"பெர்மிஷன் எடுத்தனீங்களோ?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சாண்ட்விச் தின்கிற பிள்ளைகளைக் காட்டினேன். செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த இரண்டு சீனப் பெண்களைக் காட்டினேன். முகாமும் இல்லை, படையும் இல்லை, எல்லாம் முடிந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது என்று சொன்னேன். தலையை ஆட்டினார். கேமராவைத் தூக்கினார். ஆனால் முதலில் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். ஒரு படம் எடுத்ததும் கேமராவை இறக்கித் தன் ஜாக்கெட்டுக்குள் மறைத்தார். அரைமணி நேரத்தில் ஐந்து படம். அறுபத்திரண்டு படம் எடுத்த அதே கை. தாங்குசுவருக்குப் பெஞ்சில் ஏறிய மனிதர், நிஜச் சுவருக்கு மரத்துக்குப் பின்னால் நிற்கிறார். தூறல் வேறு ஆரம்பித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பட்டையை அவிழ்த்து எறிந்துவிட்டு நானே எடுக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் பல்கலைக்கழகப் பாதுகாவலர் ஒருவர் வந்தார். பசிபிக் தீவுக்காரர், கதவை அடைக்கிற உடம்பு, நீலச் சீருடை, இடுப்பில் வாக்கி டாக்கி. தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டு நேராக எங்களை நோக்கி நடந்து வந்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினேன்.

யூட் அண்ணன் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்திருந்தார். கேமராவின் பின்புறத்தில் அவருடைய கட்டைவிரல் போன வேகத்தை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. என் கேமராவில் கார்டை மொத்தமாகத் துடைக்கும் பட்டன் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அவர் மூன்று தட்டில் கண்டுபிடித்துத் துடைத்துவிட்டார். திரையில் 'படங்கள் இல்லை' என்று வந்ததை நானே பார்த்தேன். பிறகு கேமராவைக் கீழே புல்லில் வைத்துவிட்டு, ஓட்டுநர் உரிமத்தை எடுத்து இரண்டு விரலால் நீட்டிப் பிடித்தபடி நின்றார்.

பாதுகாவலர் வந்து நின்று அந்த அட்டையைப் பார்த்தார். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கொடுக்கிறாரே என்று மரியாதைக்கு வாங்கிப் பார்த்தார். "நல்ல போட்டோ, என்னோடது திருடன் மாதிரி இருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவர் வந்தது, நீங்கள் இருவரும் சேர்ந்து நின்றால் ஒரு படம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்க. சுவரின் மறுமுனையில் மரம் மறைக்காத இடம் ஒன்று இருக்கிறது, அங்கே இன்னும் நன்றாக வரும் என்றும் சொன்னார்.

நான் வெடித்தேன். "உங்களுக்கென்ன பைத்தியமாண்ணா? காலையில இருந்து எடுத்த அத்தனையும் போச்சு. இது நியூசிலாந்து. யாரு உங்கள என்ன பண்ணப்போறாங்க?" அந்தப் பெரிய மனிதர், மொழி புரியாமல், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

யூட் அண்ணன் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பேசும்போது என்னைப் பார்க்கவில்லை.

"மன்னாரில ஒரு கலியாணத்துக்குப் படம் எடுத்தனான், தங்கச்சி. கோயிலால வெளியில வந்து மாப்பிளை பொம்பிளையை றோட்டுக்கரையில நிப்பாட்டி எடுத்தன். படத்தில பின்னால ஆமிக் காம்ப் வேலியும் விழுந்திட்டுது. நான் கவனிக்கேல்ல. அண்டைக்கே ஆமிக்காரர் என்னைப் பிடிச்சுக்கொண்டு போனவை. ரெஜினாதான் ஒவ்வொரு நாளும் காம்ப் கேற்றடியில வந்து நிண்டவ. என்னை விட்டிட்டினம், ஆனா பிலிம் றோலை விடேல்ல. அந்தச் சோடிக்கு இண்டைக்கும் ஒரு கலியாணப் படம் இல்லை." புல்லில் கிடந்த கேமராவை எடுத்து என்னிடம் தந்து, "இப்ப விசா பைல் இவங்கட மேசையில கிடக்கு. இந்த நேரத்தில என்ர பேர் ஒரு இடத்திலயும் வரக்கூடாது" என்றார்.

என் கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். போகவில்லை. அறுபத்தேழு படம் போன கோபம் அப்படியே இருந்தது, அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. இவர்மேல் காட்ட முடியாது. சுவர்மேல் காட்டினால் அதற்கு உறைக்காது. அந்தப் பாதுகாவலரிடம் நடந்ததை இரண்டே வரியில் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் யூட் அண்ணனின் தோளில் கை போட்டார், சுவரைப் பார்த்து அவரை மெல்ல நடத்திக்கொண்டு போனார், ஒரு துப்பாக்கித் துளைக்குக் கீழே நிறுத்தித் தானும் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்து, ம், எடு என்பது போலத் தலையசைத்தார். நான் இடது கையால் போனைப் பிடித்து எடுத்தேன். கோணல். ஆனால் அண்ணன் சிரிக்கிறார். எவ்வளவு நேரம் கழித்து வந்த சிரிப்பு என்று எனக்குத்தான் தெரியும்.

படத்தை அவருக்கு அனுப்பினேன், அவர் ரெஜினாவுக்கு அனுப்பினார். இங்கே பகல் பன்னிரண்டரை, மன்னாரில் விடிகாலை ஐந்து மணி. ரெஜினா பூசைக்குப் போக எழும்பியிருக்கிற நேரம். காருக்கு நடந்துகொண்டிருக்கும்போதே குரல் பதிவாகப் பதில் வந்தது. அண்ணன் அதை எனக்கும் கேட்கும்படி போட்டார்.

"இஞ்சேருங்கோ, என்ன இது? ஆமிக்காரனோட என்ன செய்யிறீங்கள்? பின்னால காம்ப் மதில். உங்களுக்குப் பட்டது காணாதோ? முதல்ல உந்தப் படத்தை அழியுங்கோ. உங்கட போனிலயும் அழியுங்கோ. விசா வரட்டும், அதுக்குப் பிறகு எங்க வேணுமெண்டாலும் நிண்டு எடுங்கோ."

அவர் அங்கேயே நின்று அழித்தார். பிறகு என்னிடம், "தங்கச்சி, நீங்க எழுதுறதெண்டால் எழுதுங்கோ. அவையள் வந்து இறங்கும்வரைக்கும் போடாதேங்கோ" என்றார். சரி என்றேன். காரில் பிரிட்ஜ் ஏறி ஆல்பனி வரை என்னைக் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் மழை.

வீட்டுக்கு வந்து, அழிந்த படங்களை மீட்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். திரும்பி வந்தன. எவை தெரியுமா? தாங்குசுவரின் அறுபத்திரண்டு படமும் பளிச்சென்று வந்தன, நான் நிச்சயதார்த்தச் சிரிப்புச் சிரிப்பது உட்பட. நிஜச் சுவரின் ஐந்தும் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாக உடைந்து வந்தன. இதற்கு மேல் என்னத்தைச் சொல்ல.

அடுத்த சனிக்கிழமை தனியாகப் போய் இடது கையால் எடுத்த பதினொரு படங்கள்தான் இந்தக் கட்டுரைக்குக் கீழே இருப்பவை. எல்லாம் சாய்ந்திருக்கும். சுவர் சாயவில்லை, நான்தான் சாய்ந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வெளிச்சம் நன்றாக விழும், அதற்குப் பிறகு கட்டட நிழல். வார நாளில் மாணவர் கூட்டம், சனிக்கிழமை பரவாயில்லை. நுழைவுக் கட்டணம் இல்லை, அனுமதி வேண்டாம். காரில் போகாதீர்கள், பேருந்தில் போங்கள். குடை எந்த மாதத்திலும் வேண்டும். மறுமுனையில் மரம் மறைக்காத இடம் ஒன்று உண்டு, அந்தப் பாதுகாவலர் சொன்னது சரிதான். உங்களோடு வருகிறவர் எந்த ஊர்க்காரர், அந்த ஊரில் கேமராவை நீட்டினால் என்ன நடக்கும் என்பதைப் புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள். எந்தச் சுவர் என்பதையும் முழுதாகச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, அனுபவித்தேன்.

விசா வந்து, டிக்கெட் போட்டு, போன வாரம் ரெஜினாவும் ஷெரினும் வந்து இறங்கினார்கள். படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார் அண்ணன். அவர் படத்துக்குள் நிற்க வேண்டிய நாள், கேமராவைப் பிடிக்க வேறு கை வேண்டும், என் மணிக்கட்டும் ஆறியிருந்தது. வருகைக் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அவர் ஒரு அடி முன்னால் போய், ஒரு அடி பின்னால் வந்தார். கடைசியில் அவர்கள் வந்தபோது ஷெரின் அப்பாவை அடையாளம் கண்டு ஓடிவரவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தபடி நின்று பார்த்தாள். அவர்தான் போய் முட்டி போட்டு உட்கார்ந்தார். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். எத்தனை எடுத்தேன் என்று தெரியாது.

அழுது முடித்த ரெஜினாவின் கண் என் கேமராவில் விழுந்தது. உடனே சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். "இதில எடுக்க விடுவினமோ? கேட்டனீங்களோ?" என்றார். விடுவாங்க என்றேன். கார் நிறுத்துமிடத்தில் பெட்டிகளை ஏற்றும்போது, எனக்குக் கேட்காது என்று நினைத்து, கணவரிடம் கேட்டார்.

"அந்தப் படத்தை அழிச்சாச்சுத்தானே?"

"ஓம், அண்டைக்கே."

எனக்கு வாய் சும்மா இருக்குமா. "என்கிட்ட இருக்குங்க" என்றேன். அண்ணன் என்னை முறைத்தார். ரெஜினா கையை நீட்டினார். போனில் படத்தை எடுத்துக் கொடுத்தேன். எங்கே அழித்துவிடுவாரோ என்று எட்டிப் பார்த்தேன். அவர் இரண்டு விரலை வைத்து விரித்தார். துப்பாக்கித் துளை போனது, பாதுகாவலர் போனார், சுவர் போனது. முகம் மட்டும் திரை முழுக்க வரும்வரை விரித்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீடியோவில தெரியேல்ல. மெலிஞ்சுதான் போனீங்கள்" என்றார்.

இதைப் பதிவில் போடட்டுமா என்று ரெஜினாவிடம் கேட்டேன். இனிப் போடுங்கோ என்றார், ஆனால் இப்படியே, இந்த அளவிலேயே போட வேண்டும் என்றார். அதனால்தான் மேலே உள்ள படத்தில் சுவர் அவ்வளவாகத் தெரியவில்லை. சுவரைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.